கடன் என்னும் பெயர்

தமிழில் கடன் என்ற சொல் இரண்டு சுமைகளைத் தாங்கி நிற்கிறது. பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பணத்தையும் அது குறிக்கிறது. எவரிடமும் எதையும் வாங்காத நிலையிலும் ஒருவர் செய்தே தீரவேண்டிய செயலையும் குறிக்கிறது. காலைக்கடன் கழிப்பவர் யாரிடமும் கைமாற்று வாங்கியவர் அல்லர். நேர்த்திக்கடன் செலுத்துபவர் தெய்வத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் அல்லர். இறுதிக்கடன் ஆற்றும் மகனிடம் எந்த வங்கியும் கணக்குக் கேட்பதில்லை. மனிதன் முனிவர்க்கும் தேவர்க்கும் முன்னோர்க்கும் கடன்பட்டவனாகவே பிறக்கிறான் என்று வைதிக நூல்கள் வகுத்த 'ருணம்' என்னும் கருத்திலும் இவ்விரு பொருளும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. அம்மூன்றனுள் முனிவர்க்குரிய கடன் கற்பதனால் தீர்கிறது என்பது அந்நூல்களின் முடிவு. கற்பதனால் கடன் தீரும் என்று ஒரு மரபு சொல்ல, கற்பதனால் கடன் தொடங்கும் என்ற ஏற்பாட்டை இங்கிலாந்து ஒரு தலைமுறைக் காலமாக நடத்திவருகிறது. அந்த ஏற்பாட்டைக் குறித்துப் பொருளியலாளர் எழுதியவை ஏராளம். ஆயினும் அதன் நடுவே மெய்யியலுக்கும் சமயத்துக்கும் உரிய கேள்வி ஒன்று கவனிப்பாரற்றுக் கிடக்கிறது: ஒரு பொறுப்பைக் கடன் ஆக்குவது எது? கொடுத்தவர் அதற்கு இட்ட பெயரா, வாங்கியவர் அளித்த வாக்கா, பணம் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பா?

ஏற்பாட்டின் வரலாறு சுருக்கமானது. 1962ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற மாணவரின் கட்டணத்தையும், குடும்ப வருவாயைப் பொறுத்து அவருடைய வாழ்க்கைச் செலவையும் உள்ளாட்சிக் கல்வித்துறைகளே ஏற்கவேண்டும் என்று விதித்தது. 1990இல் வாழ்க்கைச் செலவின் ஒரு பகுதி கடனாயிற்று. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு கட்டணம் வந்தது. அதன் உச்சவரம்பு 2006இல் 3,000, 2012இல் 9,000, 2017இல் 9,250, 2025இல் 9,535 என்று ஏறியது. ஸ்காட்லாந்து தன் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே எடின்பரோவின் ஒரே விரிவுரைக் கூடத்தில் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே பாடத்தைக் கேட்கும் இருவருள் எல்லைக்கு வடக்கே பிறந்து வளர்ந்தவர் கட்டணமின்றியும், தெற்கிலிருந்து வந்தவர் கடனுடனும் வீடு திரும்புகின்றனர். அக்கடனை வழங்கும் அரசு நிறுவனத்தின் தலைமையிடம், தன் மாணவர்க்குக் கட்டணமே விதிக்காத அந்த ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருக்கிறது என்பது பிரிட்டிஷ் ஆட்சிமுறைக்கே உரிய நகைச்சுவை. இந்தியாவிலிருந்து செல்லும் மாணவர்க்கு இக்கடன் கிடைப்பதில்லை. அவர்களுள் பலர் உச்சவரம்பற்ற வெளிநாட்டுக் கட்டணத்தை ஊரில் நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்து வாங்கிய வங்கிக் கடனைக் கொண்டு கட்டுகின்றனர். அது ஐயத்துக்கு இடமில்லாத கடன். அதைப் பற்றி மெய்யியல் கேள்வி எழுப்பும் ஓய்வு அந்தக் குடும்பங்களுக்கு வாய்ப்பதில்லை.

இங்கிலாந்து மாணவரின் கடன் அத்தகையதன்று. கட்டணப் பணத்தை அவர் கண்ணால் காண்பதில்லை. அது அரசு நிறுவனத்திலிருந்து நேரே பல்கலைக்கழகத்தின் கணக்குக்குச் சென்றுவிடுகிறது. படிப்பு முடிந்து வேலை கிடைத்தபின், குறிப்பிட்ட ஒரு வரம்புக்கு மேற்பட்ட வருவாயில் 9 சதவீதம், வருமான வரியோடு சேர்த்துச் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. வேலை போனால் பிடித்தமும் நிற்கிறது. நோய் வந்து ஊதியம் குறைந்தால் அதுவும் குறைகிறது. வாங்கியவர் இறந்தால் கடனும் அவரோடு இறக்கிறது. 2012 முதல் 2022 வரை சேர்ந்தவர்க்கு 30 ஆண்டுகளிலும், 2023 முதல் சேர்ந்தவர்க்கு 40 ஆண்டுகளிலும் எஞ்சிய தொகை முழுவதும் தள்ளுபடி ஆகிறது. முதற்பிரிவினர்க்கு 2025 ஏப்ரலில் வரம்பு 28,470 பவுண்டு. ஆண்டுக்கு 32,470 பவுண்டு ஈட்டும் ஒருவர் வரம்புக்கு மேற்பட்ட 4,000 பவுண்டில் 9 சதவீதமாக 360 பவுண்டு செலுத்துவார். அவருடைய கடன் 50,000 பவுண்டாகவும் வட்டி 5 சதவீதமாகவும் இருக்குமானால், ஆண்டு முழுவதும் தவறாமல் கட்டியபின் அவர் தரவேண்டிய தொகை 52,140 பவுண்டாக வளர்ந்திருக்கும். இந்த வளர்ச்சியைக் கண்டு அவர் அஞ்சவேண்டியதில்லை என்று அரசின் அறிவுரைக் குறிப்புகளும், நாளிதழ்களின் பண ஆலோசனைப் பகுதிகளும் ஒரே குரலில் தேற்றுகின்றன. ஏனெனில் அவர் ஆண்டுதோறும் தரும் தொகை வருவாயைப் பொறுத்ததே அன்றிக் கடனின் அளவைப் பொறுத்தது அன்று. அளவு எவ்வளவாயினும் வேறுபாடில்லை என்று சொல்லத்தக்க கடன், கடன் என்ற பெயருக்கு எந்த அளவுக்கு உரியது என்ற ஐயம் இந்த ஆறுதலிலிருந்தே முளைக்கிறது.

அந்த ஐயத்துக்குப் புள்ளிவிவரமும் துணை நிற்கிறது. 2012இன் விதிகளின்கீழ்ப் படித்தவருள் நான்கில் மூன்று பங்கினர்க்கு மேல் தம் கடனை முழுமையாக அடைக்கமாட்டார்கள் என்று நிதி ஆய்வுக் கழகம் 2017இல் கணித்தது. 2024 மார்ச் இறுதியில் இங்கிலாந்தின் மாணவர் கடன் நிலுவை ஏறத்தாழ 23,600 கோடி பவுண்டாக நின்றது. இந்நிலுவையில் கணிசமான பகுதி வராக்கடன் என்பது கொடுக்கும் நாளிலேயே தெரியும் என்றாலும், அரசின் கணக்கேடுகள் நெடுங்காலம் அதனை முழுக் கடனாகவே எழுதிவந்தன. செலவாக எழுதவேண்டிய நாள் தள்ளுபடி ஆகும் நாளே ஆகையால், அந்தத் துன்பம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் ஏதோ ஒரு நிதியமைச்சருக்கு விட்டுவைக்கப்பட்டது. 2018 டிசம்பரில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் தலையிட்டு, இக்கொடுக்கல் வாங்கலில் திரும்பி வரத்தக்க பகுதி கடன், வராத பகுதி கொடுக்கும் ஆண்டிலேயே அரசின் செலவு என்று தீர்ப்பளித்தது. அதனால் அரசின் ஆண்டுப் பற்றாக்குறை ஏறத்தாழ 1,200 கோடி பவுண்டு உயர்ந்தது. கிறிஸ்து ஒருவரே, அவருடைய இயல்புகள் இரண்டு என்று வரையறுக்க 451இல் கூடிய கால்செதோன் திருச்சங்கம் வரை திருச்சபை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனோடு ஒப்பிட்டால், ஒரே காசோலைக்குள் கடனும் கொடையும் கலவாமலும் பிரியாமலும் உறைகின்றன என்று கண்டுபிடித்த புள்ளியியலாளர் விரைந்தே செயற்பட்டனர் எனலாம்.

தன்மை இதுவாயின், இதனைப் பட்டதாரி வரி என்று அழைப்பதில் தடை என்ன? அப்படியொரு வரியை மாணவர் சங்கமே முன்வைத்தது. 2010இல் அமைச்சராக இருந்த வின்ஸ் கேபிளும் அதனைப் பரிசீலித்தார். வரி என்றால் பெரும் வருவாய் ஈட்டுவோர் வாழ்நாள் முழுதும் செலுத்தவேண்டியிருக்கும். கடன் என்றால் அவர்கள் சில ஆண்டுகளில் அடைத்துவிட்டு விடுபடுவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளோ கட்டணத்தை முன்னதாகவே கட்டிவிட்டு இந்த ஏற்பாட்டுக்குள் நுழையாமலே தப்புவர். ஆகவே கடன் என்ற பெயரால் உண்மையில் பயன் பெறுவோர் கடன்படாதவர்களே. ஆயினும் கணக்கையும் வர்க்கத்தையும் கடந்த காரணம் ஒன்றும் இதில் உண்டு. வரி என்பது குடிமகன் மீது அரசு சுமத்துவது. கடன் என்பது வாங்கியவர் தம் மீது தாமே சுமத்திக்கொள்வது. வரியை வெறுப்பவர் அரசை வெறுப்பார். கடனை வெறுப்பவர் தம் பழைய முடிவை நொந்துகொள்வார். பதினெட்டு வயதில் இட்ட ஓர் ஒப்பம், கொள்கை பற்றிய வினாவை ஒழுக்கம் பற்றிய வினாவாக மாற்றிவிடுகிறது.

ஒப்பத்துக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில் டேவிட் ஹியூம் தம் காலத்திலேயே வியப்படைந்திருந்தார். 1739–40இல் வெளிவந்த தம் முதற்பெருநூலில், சில சொற்களை உச்சரித்த மாத்திரத்தில் முன்பு இல்லாத கடமை ஒன்று தோன்றிவிடுவது இயற்கையின் செயலாக இருக்க முடியாது என்று அவர் வாதிட்டார். அப்பமும் இரசமும் சொல்லின் வலிமையால் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகின்றன என்னும் நற்கருணைக் கோட்பாட்டோடும், சடங்கின் வலிமையால் சாமானியன் குருவாகும் குருப்பட்டத்தோடும் வாக்குறுதியை அவர் ஒப்பிட்டது, சமயத்தின் மீது அவர் கொண்ட பரிவினால் அன்று. மனிதர் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட ஏற்பாடு ஒன்று மறைபொருள்போல் வேடமிட்டு உலவுவதைக் காட்டுவதற்காகவே. இம்மானுவேல் காண்ட் 1785இல் இதே பொருளை எடுத்துக்கொண்டபோது, திருப்பித் தர இயலாது என்று அறிந்தே தருவதாக வாக்களித்துப் பணம் வாங்குபவனைச் சான்றாகக் காட்டினார். அந்நெறியை எல்லோரும் கைக்கொண்டால் வாக்கு என்பதே பொருளற்றுப்போய், எவரும் எவரையும் நம்பிக் கடன் கொடுக்க மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். இங்கிலாந்தின் ஏற்பாடு இச்சான்றைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது: பணம் திரும்பி வராது என்று கணக்கிட்டு வைத்திருப்பவர் கொடுப்பவர், அடைத்தாக வேண்டுமே என்று கலங்குபவர் வாங்குபவர். பொய் வாக்குக்குக் காண்ட் இலக்கணம் வகுத்தார். கொடுப்பவரே நம்பாத வாக்கை வாங்குபவரிடமிருந்து எழுதி வாங்கும் வழக்கத்துக்கு அவர் நூலில் இடமில்லை.

சொல்லின் கனத்தைப் பதினெட்டு வயதினரிடம் வலியுறுத்தும் ஆட்சியாளர் தம் சொல்லை நடத்திய விதம் தனியே கருதத்தக்கது. 2001 தேர்தல் அறிக்கையில் கட்டண உயர்வைக் கொண்டுவருவதில்லை என்று உறுதி கூறிய தொழிற்கட்சி, 2004 ஜனவரியில் அதற்கான மசோதாவின் இரண்டாம் வாசிப்பை ஐந்தே வாக்கு வேறுபாட்டில் நிறைவேற்றிற்று. 2010 தேர்தலின்போது, கட்டணத்தை உயர்த்தும் எந்தத் தீர்மானத்துக்கும் எதிராக வாக்களிப்பேன் என்று அச்சிட்ட மாணவர் சங்க உறுதிமொழியில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் நிக் கிளெக்கும் அவருடைய தோழர்களும் கையெழுத்திட்டு, அட்டையை ஏந்திப் படமும் எடுத்துக்கொண்டனர். கூட்டணி அரசில் அவர் துணைப் பிரதமரானார். லண்டனில் மாணவர் பெருந்திரளாக ஊர்வலம் சென்று, நவம்பர் 10 அன்று ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமையகக் கட்டடத்துக்குள் புகுந்தபோதிலும், டிசம்பர் 9 அன்று 323க்கு 302 என்ற கணக்கில் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாயிற்று. லிபரல் டெமாக்ரட் உறுப்பினருள் 21 பேர் மட்டுமே உறுதிமொழிப்படி எதிர்த்து வாக்களித்தனர். 2012இல் கிளெக் காணொளிச் செய்தி ஒன்றில் மன்னிப்புக் கேட்டார். அம்மன்னிப்பில் வாக்கை மீறியதைவிட, நிறைவேற்ற முடியும் என்ற உறுதியில்லாமல் வாக்குக் கொடுத்ததே பிழை என்ற பக்கம் அழுத்தம் விழுந்தது. இவ்வேறுபாடு நுண்ணியது, மெய்யியல் வகுப்புக்கு ஏற்றது. நாட்டு மக்களோ அதனை இசையமைத்துப் பாட்டாக்கிச் சிரித்தனர். 57 இடம் பெற்றிருந்த அக்கட்சி 2015இல் 8 இடமாகச் சுருங்கியது.

கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போது வலியது மெலியதை விலக்கும் என்று ஆக்ஸ்போர்டின் டபிள்யூ. டி. ராஸ் 1930இல் வகுத்த கோட்பாட்டைக் கொண்டு கிளெக்குக்காக வாதாடலாம்: கூட்டணி ஒப்பந்தம் என்பதும் ஒரு வாக்குதானே, நாட்டின் நிதிநிலை என்பதும் ஒரு பொறுப்புதானே. இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே சலுகை கடன் வாங்கிய மாணவர்க்கு இல்லை என்பதே இடறும் இடம். இன்னும் நேராகச் சொன்னால், ஒப்பமிட்ட இரு தரப்பில் ஒரு தரப்புக்கு மட்டுமே விதிகளைப் பிற்பாடு மாற்றும் உரிமை உண்டு. பிடித்தம் தொடங்கும் 21,000 பவுண்டு வரம்பு ஊதிய வளர்ச்சிக்கு ஏற்ப உயரும் என்று மாணவர்க்குச் சொல்லப்பட்டிருக்க, 2015 நவம்பரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், ஏற்கெனவே ஒப்பமிட்டவர்க்கும் சேர்த்தே அவ்வரம்பை உறையவைத்தார். 2018இல் அது 25,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் சில ஆண்டுகள் உறைந்தது. 2025 நவம்பரின் வரவு செலவுத் திட்டம், 2027 ஏப்ரல் முதல் மூன்றாண்டுக் காலத்துக்கு இன்னுமொரு முறை உறையவைக்கப் போவதாக அறிவித்தது. தனியார் வங்கி எதுவும் இவ்வாறு செய்துவிட்டு நீதிமன்றத்தில் தலைநிமிர்ந்து நிற்க இயலாது. வரியின் அளவை அரசு ஆண்டுதோறும் மாற்றுவது இயல்பு. கடனின் விதிகளைக் கொடுத்தவர் தம் விருப்பப்படி மாற்றுவது இயல்பன்று. பணம் பிடிக்கும்போது வரியின் உரிமையையும், பழி சுமத்தும்போது கடனின் உரிமையையும் அரசு ஒருசேர வைத்துக்கொள்கிறது. வாக்களித்ததைக் கடனே என்று செய்வது என்றொரு வழக்குத் தமிழில் உண்டு. இங்கே அவ்வளவுகூட நடப்பதாகத் தெரியவில்லை.

இப்பெயரை எவரும் மெய்யாக எடுத்துக்கொள்ளாதவரை இந்த இரட்டை வேடம் தொல்லையின்றி நடந்திருக்கும். அதனை மெய்யாக எடுத்துக்கொண்டவர்கள் பிரிட்டனின் முஸ்லிம் மாணவருள் ஒரு பகுதியினர். கடனும் வட்டியும் என்று படிவத்தில் எழுதியிருந்ததை அவர்கள் கடனும் வட்டியும் என்றே படித்தனர்.

வட்டி பற்றிய அச்சம் இஸ்லாத்துக்கு மட்டும் உரியது என்று நினைப்பது இங்கிலாந்து தன் சொந்த வரலாற்றை மறந்ததன் விளைவு. கிரேக்க மொழியில் வட்டியைக் குறிக்கும் 'டோகோஸ்' என்ற சொல்லுக்குக் குட்டி, ஈற்று என்றும் பொருள் உண்டு. உயிரற்ற பணம் குட்டி போடுவது இயற்கைக்கு மாறானது என்று அரிஸ்டாட்டில் இகழ்ந்தமைக்கு அச்சொல்லே இடம் கொடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் நுட்பமாக வாதிட்டார்: வீட்டைக் கொடுத்து வாடகை வாங்கலாம், ஏனெனில் வீடு குடியிருப்பதால் அழிவதில்லை, திராட்சை இரசத்தைக் கொடுத்தவர் இரசத்தின் விலையையும் அதைக் குடித்ததற்குத் தனி விலையையும் கேட்க முடியாது, ஏனெனில் குடிப்பதே அதை அழிப்பது, பணமும் செலவழிப்பதால் தீர்ந்துபோவது ஆகையால், பணத்துக்கு மேல் அதன் பயனுக்கும் விலை கேட்பவர் இல்லாத பொருளை விற்கிறார். 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் திருச்சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்தோர்க்குக் கிறிஸ்தவ அடக்கத்தையே மறுத்தது. இங்கிலாந்தின் சட்டம் 1545இல் 10 சதவீதம் வரை வட்டியை அனுமதித்து, 1552இல் அதனைத் திரும்பப் பெற்று, 1571இல் மீண்டும் இடம் கொடுத்து, 1714இல் 5 சதவீதமாகக் குறைத்து, 1854இல்தான் வரம்புகளை முற்றாக நீக்கியது. வட்டிக்கு இன்று ஆங்கிலம் வழங்கும் 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லேகூட ஒரு பெயர்மாற்றத்தின் எச்சம்: கடன் உரிய நாளில் திரும்பாததால் கொடுத்தவர்க்கு நேர்ந்த இழப்பை ஈடு செய்யும் தொகையை வட்டியிலிருந்து பிரித்துக் காட்ட இடைக்காலச் சட்டவாணர் 'இன்டரெஸ்ஸே' என்றனர்; இழப்பீட்டுக்கு இட்ட அந்த நற்பெயருக்குள் காலப்போக்கில் பழைய வட்டியே குடிபுகுந்தது.

மாணவர் கடன் என்னும் ஏற்பாடும் இங்கிலாந்துக்குப் புதியதன்று. 1209இல் ஆக்ஸ்போர்டில் ஒரு பெண் கொலையுண்டதைத் தொடர்ந்து நகரத்தார் மாணவர் சிலரைத் தூக்கிலிட, கல்விக்கழகமே கலைந்தது. ஓடியவருள் ஒரு சாரார் கேம்பிரிட்ஜுக்குச் சென்றனர். 1214இல் பாப்பரசரின் தூதர் செய்துவைத்த உடன்படிக்கையின்படி, நகரத்தார் ஏழை மாணவர்க்காக ஆண்டுக்கு 52 ஷில்லிங் தரவும், புனித நிக்கோலஸ் திருநாளில் நூறு ஏழை மாணவர்க்கு உணவளிக்கவும் கடமைப்பட்டனர். இந்தத் தண்டப் பணத்தை முதலாகக் கொண்டு, லிங்கன் மறைமாவட்ட ஆயர் ராபர்ட் குரோஸ்டெஸ்ட் 1240இல் புனித ஃபிரிடெஸ்வைட் மடத்தில் ஒரு பெட்டியை நிறுவினார். ஏழை மாணவர் தம்மிடமிருந்த கையெழுத்துப் புத்தகத்தை ஈடாக வைத்து அதிலிருந்து வட்டியின்றிக் கடன் பெறலாம். உரிய காலத்தில் மீட்காவிட்டால் புத்தகம் விலைபோகும். அக்காலச் சுவடிகள் சிலவற்றின் ஏட்டுப் புறங்களில் இந்த அடகுக் குறிப்புகளை இன்றும் காணலாம். பின்னர்த் தோன்றிய இத்தகைய பெட்டிகள் சிலவற்றில், கடன் பெறும் மாணவர் பெட்டியை நிறுவிய கொடையாளரின் ஆன்மாவுக்காகச் செபம் சொல்லவேண்டும் என்றும் விதி இருந்தது. பணத்துக்குப் பணமாக வட்டி கேட்காமல் செபமாகக் கேட்டால் அது வட்டி ஆகாதா என்ற குறும்பான ஐயம் எழக்கூடும். கடனுக்கு ஈடாக நன்றியையும் அன்பையும் எதிர்பார்க்கலாம், கட்டாயப்படுத்தி வாங்கலாகாது என்பது அக்குவினாசின் விடை. செபத்தைக் கட்டாயமாக்கிய விதியை அவர் எந்தப் பக்கம் வைத்திருப்பார் என்பது சுவையான ஆராய்ச்சி.

இஸ்லாமிய நெறியில் 'ரிபா' என்பது, கொடுத்த கடனின் மேல் நிபந்தனையாகப் பெறும் மிகுதி. குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் வணிகத்தை அனுமதித்து ரிபாவைத் தடுக்கிறது. வட்டியை எதிர்த்த கிறிஸ்தவ மரபிலிருந்து இஸ்லாம் விலகும் இடம் ஒன்று இங்கே உண்டு. கிறிஸ்தவ இறையியலில் வட்டியின் பாவம் வாங்குபவருடையது, அதாவது கடன் கொடுத்தவருடையது. தேவைப்பட்டவர் வட்டிக்காரரிடம் கடன்படுவது பாவமன்று என்றே அக்குவினாஸ் முடிவு செய்தார். நபிமொழி மரபோ வட்டியை உண்பவரையும், அதை உண்ணக் கொடுப்பவரையும், அதற்குக் கணக்கெழுதுபவரையும், சாட்சி நிற்போரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஆகவே, கடன்படும் மாணவர் பாதிக்கப்பட்டவரே அன்றிப் பாவம் செய்தவர் ஆகமாட்டார் என்று கிறிஸ்தவப் பின்னணியில் வளர்ந்த அதிகாரிக்குத் தோன்றுமிடத்தில், ஒப்பமிடும் தம் கையே குற்றத்தில் பங்கேற்கிறது என்று முஸ்லிம் மாணவர்க்குத் தோன்றுகிறது.

மார்க்க அறிஞர் எல்லோரும் ஒரே தீர்ப்பு வழங்கவில்லை. 2012க்கு முந்தைய கடனின் வட்டி பணவீக்கத்தை மிஞ்சாதிருந்ததால், பணத்தின் மதிப்பை மட்டுமே காப்பது ரிபா ஆகாது என்று சிலர் கருதினர். கடனாகப் பெற்ற எண்ணிக்கையே திரும்பவேண்டும், மதிப்பு குறைவது கொடுத்தவரின் பொறுப்பு என்று வேறு பலர் மறுத்தனர். பணவீக்கத்துக்கு மேல் 3 சதவீதம் வரை ஏறும் வட்டியை 2012இன் விதிகள் கொண்டுவந்தபின் முதற்சாராரின் நிலை வலுவிழந்தது. உயர்கல்வி நிர்ப்பந்தத் தேவை ஆகையால் விலக்கு உண்டு என்றனர் சிலர். பன்றி இறைச்சியைப் பட்டினியால் சாகக் கிடப்பவர் உண்ணலாம் என்ற சலுகையைப் பட்டம் பெறுவதற்கு நீட்டுவது எப்படி என்று கேட்டனர் வேறு சிலர். இக்கொடுக்கல் வாங்கல் பெயரளவில் கடன், உண்மையில் வரி, ஆதலால் ரிபாவே இல்லை என்று வாதிட்டவரும் உண்டு. புள்ளியியல் அலுவலகம் 2018இல் கண்ட முடிவின் ஒரு பாதியை மார்க்கத் தீர்ப்பு சொல்வோர் முன்னதாகவே எட்டிவிட்டிருந்தனர்.

2013 அக்டோபரில் லண்டனில் நடந்த உலக இஸ்லாமியப் பொருளாதார மன்றக் கூட்டத்தில், ஷரீஆவுக்கு இசைந்த மாணவர் நிதியைக் கொண்டுவருவதாகப் பிரதமர் டேவிட் கேமரன் அறிவித்தார். 2014இல் கருத்துக் கேட்டபோது இருபதாயிரத்தை நெருங்கிய எண்ணிக்கையில் மறுமொழிகள் குவிந்தன. வகுக்கப்பட்ட மாதிரி 'தகாஃபுல்' எனப்படும் கூட்டுறவு முறையைத் தழுவியது: மாணவர் ஒரு பொது நிதியிலிருந்து உதவி பெறுவார், பிற்காலத்தில் தம் வருவாய்க்கேற்ப அதே நிதிக்குப் பங்களிப்பார், அப்பங்களிப்பு பின்வரும் மாணவர்க்கு உதவியாகும். கடன் இல்லை, ஆகையால் வட்டியும் இல்லை. ஆனால் எவருக்கும் ஆதாயமோ நட்டமோ நேரக்கூடாது என்பது அரசின் நிபந்தனை ஆகையால், தகாஃபுல் மாணவர் செலுத்தும் தொகை, கடன் வாங்கிய மாணவர் செலுத்தும் தொகைக்கு ஒப்பாகவே இருக்கும்.

தொகை ஒன்றே எனில் வேறுபாடு எங்கே என்று நகைத்தவர் பலர். பெயரை மாற்றிப் பாவத்தைக் கழுவும் தந்திரம் இது என்ற குற்றச்சாட்டு, இஸ்லாமியச் சட்ட மரபுக்குள்ளேயே 'ஹீலா' என்ற பெயரில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்ட ஒன்று. கூட்டு வணிகம், காப்பீடு, விற்பனை என்று மூன்று ஒப்பந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 5 சதவீத வருவாயை நியாயப்படுத்திய முறையை ஜெர்மானிய இறையியலாளர் யோகான் எக் 1515இல் பொலோனா நகரில் ஆதரித்து வாதாடியதும் இதன் கிறிஸ்தவ உறவினமே. ஆயினும் நகைப்பு இலக்குத் தவறிய நகைப்பு. ஒரே தொகையை ஒருவர் தண்டமாகவும், மற்றொருவர் மொய்யாகவும், வேறொருவர் காணிக்கையாகவும் கொடுப்பது நாள்தோறும் நிகழ்வது. நோட்டுகள் ஒன்றே, செயல்கள் வெவ்வேறு. மொய் எழுதியவரிடம் அபராதம் கட்டினாய் என்று சொன்னால் அவர் சினம் கொள்வதில் நியாயம் உண்டு. மனிதச் செயலின் இயல்பில் அதன் பெயருக்கும் நோக்கத்துக்கும் பங்குண்டு என்பதை ஏற்காத எவரும், வரிக்குக் கடன் என்று பெயரிட்டால் பட்டதாரிகளின் மனப்பாங்கு மாறும் என்று நம்பியிருக்க முடியாது. இங்கிலாந்து அரசு அதை நம்பியது. அந்த நம்பிக்கையின் மேல்தான் தன் உயர்கல்வி நிதியையே கட்டியது. வரியைக் கடன் என்று அழைத்த அரசிடம், கடனைக் கூட்டுதவி என்று அழைக்கக் கேட்பவர் கேட்பது புதுமையான சலுகை அன்று. அரசு தனக்கு வழங்கிக்கொண்டதையே அவரும் கேட்கிறார். தகாஃபுல் மாதிரியைச் சற்று ஊன்றிப் பார்த்தால், நடைமுறையில் உள்ள ஏற்பாட்டைக் கடன் என்ற சொல்லைவிட அதுவே உண்மையாக விவரிக்கிறது என்பதும் புலப்படும்: ஈட்டுவோர் தம் ஈட்டத்துக்கேற்பத் தருகின்றனர், ஈட்டாதோர் தருவதில்லை, வந்த பணம் அடுத்தவர் படிப்புக்குப் போகிறது.

முஸ்லிம் மாணவரின் தயக்கத்தைப் பழமையின் பிடிவாதம் என்று எழுதிய பத்தியாளர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கடன் என்பது ஒருவர் தம் சொல்லால் தம்மைக் கட்டிக்கொள்வது, ஆகவே வேடிக்கையாகச் செய்யத்தக்கது அன்று என்ற கருத்தை இந்த விவகாரம் முழுவதிலும் காப்பாற்றியவர் அந்த மாணவர் ஒருவரே. அடைக்கமாட்டாய் என்று தெரியும், கவலைப்படாமல் ஒப்பமிடு என்று அரசு சொன்னது. அடைக்க எண்ணாத கடனில் ஒப்பமிடுவது பொய் என்று அவர் நினைத்தார். காண்ட் உயிரோடிருந்தால் அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் ஐயமில்லை.

மாற்று நிதி வழங்கும் அதிகாரத்தை 2017ஆம் ஆண்டின் உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சிச் சட்டம் அமைச்சருக்கு அளித்தது. சட்டம் நிறைவேறியது, நிதி வரவில்லை. நடைமுறைச் சிக்கல்கள் காரணமாகச் சொல்லப்பட்டன. பின்னர், வாழ்நாள் கல்வி உரிமை என்னும் வேறொரு பெருந்திட்டம் தொடங்கியபிறகே இதைக் கவனிக்க முடியும் என்று சொல்லப்பட்டது. அத்திட்டத்தின் தொடக்கமும் தள்ளித்தள்ளி 2027க்குப் போயிற்று. இதற்கிடையில் ஒவ்வொரு செப்டம்பரிலும் சிலர் மன உறுத்தலோடு ஒப்பமிட்டனர். சிலர் வேலைக்குச் சென்று பணம் சேர்த்தபின் படிக்கலாம் என்று ஒதுங்கினர். சிலருடைய கட்டணத்தை உறவினர் கூடிப் பங்கிட்டுக்கொண்டனர், அதாவது அரசு சட்டத்தில் எழுதிவைத்த தகாஃபுல்லை அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நடத்திக்கொண்டனர். கேமரன் வாக்களித்த 2013இல் ஐந்து வயதுக் குழந்தையாகப் பள்ளியில் சேர்ந்தவருக்கு 2026இல் பதினெட்டு வயது நிறைகிறது. விண்ணப்பப் படிவம் அவர் முன்னும் வந்து நிற்கும்; வாங்கும் தொகையை வட்டியுடன் திருப்பிச் செலுத்துவதாக அதில் அவர் உறுதி கூறவேண்டும்.